மணலும் சவ்வும்: வீராம்பட்டினக் கரையில் நீர் தெளிந்த வரலாறு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் வீராம்பட்டினம் அமைந்துள்ளது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று வரும் ஆறே கடலை நெருங்குகையில் பிரிந்து இவ்விரு கிளைகளாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேட்டுநிலச் செம்மண்ணையும், ஏரிகளின் உபரிநீரோடு வரும் மக்கிய இலைதழைகளையும் இவை கழிமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் கடல்நீர் அதே வழியாக உள்ளே ஏறுகிறது. ஊரின் காவல்தெய்வமான செங்கழுநீர் அம்மனின் தலவரலாறு, மீனவர் ஒருவரின் வலையில் ஓடையில் சிக்கிய மரக்கட்டையிலிருந்தே தொடங்குகிறது என்பதும், அவ்வம்மனுக்கு ஆடி மாதத்தில் நடைபெறும் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர்களால் தொடரப்படுகிறது என்பதும் பலர் அறிந்த செய்திகள். அவ்வளவாக எழுதப்படாதது, உப்புக்கும் சேற்றுக்கும் நடுவே இக்கரையினர் குடிநீரை எவ்வாறு பிரித்தெடுத்தனர் என்ற வரலாறு.

இன்று அந்த வேலையைச் செய்யும் கருவி சவ்வு. உப்புநீரை உயர் அழுத்தத்தில் ஒரு மெல்லிய படலத்தின் மீது செலுத்தி, நீரை மட்டும் மறுபுறம் கடக்கச் செய்யும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையே ஆர்.ஓ. என்ற பெயரில் வீடுகள்தோறும் அறிமுகமாகியிருக்கிறது. அம்முறையின் தீராத இடர் சவ்வு அடைபடுதல், அதாவது நீரில் மிதந்தும் கரைந்தும் வரும் களிமண் துகள்களும் கரிமப் பொருள்களும் சவ்வின் முகத்தில் படிந்து நீரின் வழியை அடைத்துவிடுதல். இவ்விடர் சவ்வோடு பிறந்ததன்று. நீரை வடிகட்ட மனிதர் கையாண்ட ஒவ்வொரு பொருளும், மணலாயினும் சுட்ட மண்ணாயினும், இதே இரு பொருள்களால்தான் அடைபட்டது. வடிகட்டியை விடவும், அதற்கு முன்னே நீரை எவ்வாறு பக்குவப்படுத்தினர் என்பதே ஒவ்வொரு காலத்தின் நீர்த்திறத்தையும் முடிவு செய்தது.

வீராம்பட்டினத்தை அடுத்து, அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் இருக்கும் அரிக்கமேடு இவ்வரலாற்றின் முதற்சான்றுகளைத் தருகிறது. வெள்ளிக்கோளின் இடைநகர்வைக் காண்பதற்காக இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு வந்து, 1769இல் புதுச்சேரியில் மேகத்தால் அதைக் காண இயலாமற்போன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, இவ்விடத்து மக்கள் பழைய கோட்டையொன்றின் பெரிய செங்கற்களை எடுத்துப் பயன்படுத்தி வந்ததைப் பதிவு செய்தார். 1930களில் ழுவோ துப்ரேய் இதன் தொன்மையை எடுத்துரைத்தார்; 1945இல் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்ந்தார்; 1947 முதல் ழான் மரி கசால் தொடர்ந்து அகழ்ந்து 1949இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயரை அரிக்கமேட்டோடு இணைத்தார்; 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. இத்தாலியில் வனையப்பட்ட அரிட்டைன் கலங்களும் மத்தியதரைக் கடற்பகுதியின் ஆம்போரா சாடிகளும் இங்கே கிடைத்ததால், உரோமானிய வணிகத்தைப் பற்றியே பேச்சு மிகுந்தது. செங்கல்லால் கட்டிய தொட்டிகளும், அவற்றுக்கு நீர் கொண்டுவரவும் வெளியேற்றவும் அமைந்த கால்வாய்களும் அங்கே வெளிப்பட்டன. அவை மஸ்லின் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகளாக இருக்கலாம் என்று வீலர் கருதினார்; பிற்கால அறிஞர் அனைவரும் அதை ஏற்கவில்லை. எப்பணிக்காகக் கட்டப்பட்டிருந்தாலும், உவர்க் கழிமுகத்தின் விளிம்பில் இவ்வளவு நீரைக் கையாண்ட குடியிருப்புக்குத் தெளிந்த நன்னீர் கிடைத்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை.

அந்நீரைத் தந்தவற்றுள் முதன்மையானது உறைக்கிணறு. சுட்ட மண் வளையங்களான உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உட்புற மணலைத் தோண்டத் தோண்ட அவற்றைக் கீழிறக்கி அமைக்கப்படும் இக்கிணறு, சரிந்துவிழும் கடற்கரை மணலுக்கென்றே உருவான நுட்பம். அரிக்கமேட்டில் மட்டுமன்றிக் கீழடி உள்ளிட்ட பல இடங்களின் அகழாய்வுகளிலும் உறைக்கிணறுகள் வெளிப்பட்டுள்ளன. காவிரிப்பூம்பட்டினத்தின் பரதவர் வாழ்வை விவரிக்கும் பட்டினப்பாலையும் புறச்சேரியின் உறைக்கிணற்றைக் குறிப்பிடுகிறது. உறைகளின் இடுக்குகள் வழியாகவும் அடிப்பகுதி வழியாகவும் ஊறிவரும் நீர், கிணற்றை அடையும் முன்பே பல அடி மணலைக் கடந்து வந்துவிடுகிறது. களிமண் துகள்கள் மணற்பருக்கைகளுக்கு இடையே சிக்கி நின்றுவிட, கரிமப் பொருளின் ஒரு பகுதியை மணலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்கின்றன. கிணற்றில் நீர் இறைக்கும் வேகம் மிகக் குறைவாதலால், பரந்த மணற்பரப்பின் எந்தவோர் இடமும் விரைவில் அடைபடுவதில்லை. ஒரு சதுர அடிப் பரப்பின் வழியே எவ்வளவு நீர் எவ்வளவு விரைவாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவு விரைவாக அடைப்பு ஏற்படும் என்ற விதி இன்றைய சவ்வுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உப்பை விலக்குவதிலும் இம்மணலுக்குப் பங்குண்டு. மழைநீர் கடற்கரை மணலில் இறங்கும்போது, அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர் அடுக்கொன்று உருவாகிறது; கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓரடி உயர்ந்திருந்தால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபனும், பின்னர் ஜெர்மானியர் ஹெர்ஸ்பர்க்கும் கணக்கிட்டனர். ஆழமாகத் தோண்டாமலும் அளவாக இறைத்தும் மட்டுமே இந்நீரைக் காக்க முடியும். மின்விசைப் பம்புகள் வரும்வரை, கயிறும் வாளியும் வேறெந்தச் சட்டமும் இன்றியே அந்த அளவைக் காத்து நின்றன.

கிணற்றுநீர் போதாத இடத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் கொள்ளவேண்டி வந்தபோது தேற்றாங்கொட்டை உதவியது. பானையின் உட்சுவரில் இவ்விதையைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும். கலங்கிய நீர் இவ்வாறு தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே ஆள்கிறது என்பதால், அது அக்காலத்திலேயே எல்லாரும் அறிந்த வழக்கமாக இருந்தமை தெரிகிறது. களிமண் துகள் ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்கும் குறைந்த அளவினது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் முகங்களில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, நாட்கணக்கில் நீரில் தொங்கி நிற்கின்றன. தேற்றாங்கொட்டையிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அதாவது மாவுப்பொருள் இனத்தைச் சேர்ந்த பாலிசாக்கரைடுகளும் புரதங்களும், பல துகள்களை ஒருசேரப் பற்றித் திரளாக்கிக் கனமாக்குகின்றன. படிகாரம் அதே பணியை வேறுவழியில், தன் அலுமினியத்தின் நேர்மின்னூட்டத்தால் துகள்களின் விலக்கத்தைத் தணித்துச் செய்கிறது. பானைக்குள் நன்மை பயக்கும் இந்தப் பற்றுதல், சவ்வின் முகத்தில் நிகழும்போது பெருந்தீங்காக மாறுவதைப் பின்னர்க் காணலாம்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி நகரின் நீர் வழங்கல், ஆற்றையும் குளத்தையும் விட்டு ஊற்றுநீரை நாடியது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1860களில், தலைமைப் பொறியாளர் லாமரெஸ் முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்தார். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச்சின்னம். லாமரெஸின் தலைமுறைப் பொறியாளர்கள், தம் நாட்டவரான ஆன்றி தார்சி 1856இல் திஷோன் நகர நீர் வழங்கல் பற்றிய நூலில் வெளியிட்ட விதியைக் கையில் வைத்திருந்தனர். மணலடுக்கின் வழியே கசியும் நீரின் அளவு, அதைத் தள்ளும் நீர்மட்ட உயரத்துக்கு நேர்விகிதத்திலும் அடுக்கின் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதே அவ்விதி. சவ்வு அடைபடுதலைக் கணிக்கும் கணக்குகள் இன்றளவும் பெரும்பாலும் இவ்விதியின் வடிவிலேயே அமைந்துள்ளன; படிந்த அடைப்பின் தடையை அதில் ஓர் உறுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றனர். 1870களின் இறுதியில் புதுச்சேரியில் தோண்டப்பட்ட ஆர்ட்டீசியன் கிணறுகள், அதாவது ஆழ்நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து பாயும் கிணறுகள், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங்கைக் கவர்ந்தன. சென்னைக்கும் அத்தகைய நீர் கிடைக்குமா என்ற வினாவோடு 1880இல் அவர் அவற்றைப் பற்றி எழுதினார். ஆழத்து மணற்கல் அடுக்குகளில் நெடுங்காலம் ஊறி வந்த அந்நீருக்கு வடிகட்டியே தேவைப்படவில்லை.

சென்னைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1872 முதல் செங்குன்றம் ஏரிநீர் வடிகட்டப்படாமலே திறந்த கால்வாயில் நகரை அடைந்தது. 1914இல்தான், மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி, கீழ்ப்பாக்கத்தில் மெதுவேக மணல் வடிபடுகைகள் செயற்பட்டன. 1829இல் இலண்டனின் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த முறையின் வழிவந்த இப்படுகையில் நீர் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் மட்டுமே இறங்கும். சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசி, பாக்டீரியா, மக்கிய பொருள், களிமண் ஆகியவை கலந்த வழவழப்பான ஏடு ஒன்று உருவாகிறது. நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிப்பது பெரும்பாலும் இந்த ஏடேயன்றி அதன் கீழுள்ள மணலன்று. ஏடு முதிரும்வரை படுகையின் நீர் பாதுகாப்பானதாகக் கருதப்படுவதில்லை. ஏடு தடித்து நீர் இறங்குவது தடைபட்டதும் படுகையை வடியவிட்டு, மேல்மணலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுக்கின்றனர். அடைப்பைப் பகையென்று மட்டும் கொள்ளாமல், அதையே வேலைக்காரனாக அமர்த்தி, எல்லை மீறும்போது அகற்றிய இம்முறை, நீர் வடிகட்டும் வரலாற்றில் மிக அறிவார்ந்த ஏற்பாடுகளுள் ஒன்று. அதற்குப் பெருநிலப்பரப்பும் பொறுமையும் வேண்டும். வளர்ந்துவிட்ட நகரங்களிடம் இரண்டும் இல்லாமற்போயின.

அதே காலத்தில் வீட்டுக்குள் வந்தது பீங்கான் வடிகுழல். பாஸ்டரின் ஆய்வகத்தில் பணியாற்றிய சார்ல் ஷம்பர்லான் 1884இல் உருவாக்கிய, மெருகிடாத பீங்கானாலான இக்குழல் பாக்டீரியாவையே தடுத்து நிறுத்தியது. அதன் வழித்தோன்றலான கேண்டில் வடிகட்டி எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பொருத்தப்பட்டுத் தமிழகத்து வீடுகளில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதன் வெண்ணிற முகத்தில் சேரும் பழுப்புப் படலத்தை வாரத்துக்கு ஒருமுறை பிரஷால் தேய்த்துக் கழுவிய இல்லத்தரசியர், களிமண்ணும் கரிமப் பொருளும் சேர்ந்து வடிகட்டியை அடைப்பதைத் தம் கைகளாலேயே அறிந்திருந்தனர். அரிக்கமேட்டின் உறையும் இக்குழலும் சுட்ட மண்ணின் இருவேறு வடிவங்களே. நீரைக் கெடுக்கும் களிமண்ணே சூளையில் வெந்தபின் நீரைக் காக்கவும் செய்தது.

சவ்வின் வரலாறும் பிரான்சிலிருந்தே தொடங்குகிறது. புதுச்சேரியை ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் முற்றுகையிட்டுத் தோற்ற அதே 1748இல், பாதிரியார் நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடிய மதுக்குடுவைக்குள் வெளிநீர் தானாகப் புகுவதைக் கண்டு எழுதினார். செறிவு குறைந்த நீர் செறிவு மிகுந்த பக்கம் ஈர்க்கப்படும் இவ்வியல்பே சவ்வூடுபரவல். அதை எதிர்த்திசையில் இயக்க, கடல்நீருக்கு ஏறத்தாழ 27 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் 27 மடங்கு அழுத்தத்தை முதலில் வென்றாக வேண்டும். ஆலைகள் 55 முதல் 70 பார் வரை செலுத்துகின்றன. அவ்வழுத்தத்தைத் தாங்கியும் போதிய நீரைத் தந்தும் நின்ற முதற்சவ்வை 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிட்டேட்டால் உருவாக்கினர். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இம்முறையில் உவர்நீரைக் குடிநீராக்கியது. 1970களில் ஜான் கடாட் உருவாக்கிய பாலிஅமைடு படலச் சவ்வு, குறைந்த அழுத்தத்தில் மிகுந்த நீரைத் தந்து பழைய சவ்வைப் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் பாலிஅமைடு குளோரினால் சிதையும். கிருமிகளைக் கொல்லச் சேர்த்த குளோரினைச் சவ்வுக்கு முன்பே நீக்கிவிட வேண்டியிருப்பதால், அதன் முகத்தில் நுண்ணுயிர்கள் தடையின்றிக் குடியேறும் நிலை ஏற்பட்டது.

சவ்வின் முகத்தில் நிகழ்வது நுணுக்கமானது. மெல்லிய தட்டுகளான களிமண் துகள்கள் மட்டுமே படியும்போது அவை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அடுக்காகின்றன. அவ்வடுக்கின் இடைவெளிகள் வழியே நீர் ஓரளவு கசிந்துகொண்டிருக்கும், நீரை வேகமாக ஓட்டினால் ஒரு பகுதி உதிர்ந்தும் போகும். கரிமப் பொருள் மட்டும் வரும்போது, மக்கிய தாவரங்களிலிருந்து கரையும் ஹியூமிக் அமிலங்களும், பாசிகளும் பாக்டீரியாவும் சுரக்கும் பிசுபிசுப்பான பாலிசாக்கரைடுகளும் மெல்லிய கூழ்ப்படலமாகச் சவ்வில் ஒட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து வரும்போது நேரும் கேடு, பல ஆய்வுகளில், தனித்தனிக் கேடுகளின் கூட்டுத்தொகையை விஞ்சிவிடுகிறது. கூழ், களிமண் தட்டுகளின் இடைவெளிகளை நிரப்பி நீர் கசியும் வழியை மூடுகிறது. கரிமப் பூச்சேறிய களிமண் துகள்கள் எளிதில் திரளாமல் நுண்ணிய நிலையிலேயே நீடித்து இறுக்கமாக அடைகின்றன. நீரிலுள்ள கால்சியம், கரிம மூலக்கூறுகளின் அமில முனைகளைக் களிமண்ணோடும் சவ்வோடும் பிணைக்கும் பாலமாகிறது.

இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. சவ்வு தடுத்து நிறுத்திய உப்பு, ஓடும் நீரால் அடித்துச் செல்லப்பட வேண்டும். படிந்த அடுக்குக்குள் அது சிக்கிக்கொள்ளும்போது, சவ்வின் முகத்தில் உப்புச் செறிவு ஏறி, வெல்லவேண்டிய அழுத்தமும் ஏறுகிறது. உப்புநீரில் நேரும் நீர்க்குறைவில் பெரும்பங்கு அடைப்பின் தடையால் அன்று, அது சிறைப்படுத்திய உப்பாலேயே நேரக்கூடும் என்பதை எரிக் ஹூக், மெனாகெம் எலிமெலெக் ஆகியோர் 2003இல் விளக்கினர். அதனால் ஆலை கூடுதல் மின்சாரத்தைச் செலவிட்டும் குறைந்த நீரையே பெறுகிறது. அந்நீரிலும் உப்பு சற்று மிகுகிறது. படிவு ஏறிய சவ்வைக் கரிமப் படிவுக்குக் காரநீராலும், சுண்ணாம்புப் படிவுக்கு அமிலத்தாலும் கழுவுகின்றனர். ஒவ்வொரு கழுவலும் சவ்வின் ஆயுளில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது.

ஆகவே சவ்வை அடையுமுன் நீரைத் தெளியவைக்கும் முன்பதப்படுத்தல், ஆலைகளின் உயிர்நிலையாயிற்று. நீரின் தகுதியை அறிய, 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளின் வழியே சுமார் 2 பார் அழுத்தத்தில் 500 மில்லிலிட்டர் நீர் இறங்க எடுக்கும் நேரத்தைத் தொடக்கத்திலும் 15 நிமிடங்களுக்குப் பின்னரும் அளந்து, வண்டல் அடர்த்திக் குறியீட்டைக் கணிக்கின்றனர். அது 5ஐத் தாண்டக்கூடாது, 3க்குக் கீழ் இருப்பது நலம் என்பது நடைமுறை விதி. இவ்வளவீடு களிமண்ணை ஓரளவு காட்டிக்கொடுத்தாலும், தாளின் துளை வழியே நழுவிவிடும் கரைந்த கரிமப் பொருளைக் காட்டுவதில்லை. குறியீடு நன்றாயிருந்தும் சவ்வு அடைபட்ட ஆலைகளின் அனுபவத்துக்கு இதுவே காரணம்.

வீராம்பட்டினத்துக்கு வடக்கே, இதே கடற்கரையில், தமிழகத்தின் பெரிய சவ்வு ஆலைகள் அமைந்துள்ளன. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம், ஆவியாக்கும் முறையையும் சவ்வு முறையையும் இணைத்து நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறனுடன் திட்டமிட்ட ஆலையில், 18 லட்சம் லிட்டர் தரும் சவ்வுப் பிரிவு 2002இல் இயங்கத் தொடங்கியது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் வந்தன; நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. நெம்மேலியில் உப்பு நீக்கும் சவ்வுக்கு முன்னே மீநுண் வடிகட்டல் என்னும் மற்றொரு சவ்வையே காவலாக நிறுத்தினர். ஒரு சவ்வைக் காக்க இன்னொரு சவ்வு அடைபட வேண்டியிருக்கிறது. அது தன் திசைக்கு எதிராக நீரையும் காற்றையும் செலுத்திக் கழுவப்படக்கூடியது என்பதே அதன் பயன். இங்கேயும், முன்பதப்படுத்தலில் சேர்க்கும் திரட்டுப்பொருள் அளவு மீறினால், நேர்மின்னூட்டமுள்ள அதன் எச்சம் எதிர்மின்னூட்டமுள்ள பாலிஅமைடில் ஒட்டித் தானே அடைப்பாகிவிடும். பானையில் தேய்க்கும் தேற்றாங்கொட்டைக்கு இருந்த கைப்பக்குவம், ஆலையில் வேதியியலாளரின் அன்றாடச் சோதனையாக நீடிக்கிறது.

புதுச்சேரிக் கடலோரத்தில் மிகையான நீரிறைப்பால் உவர்ப்பு நிலத்தடியில் உள்ளேறியதை ஆய்வுகள் பலமுறை சுட்டியுள்ளன. அதன் விளைவாகவே சிறு ஆர்.ஓ. நிலையங்களும் வீட்டுக் கருவிகளும் பரவின. பெரிய ஆலைகளுக்குள்ள முன்பதப்படுத்தல் இவற்றில் பெரும்பாலும் ஒரு மணல் வடிகலனாகவும், கரித்தூள் வடிகலனாகவும், நூற்குழல் வடிகட்டியாகவும் சுருங்கிவிடுகிறது. அவை காலத்தில் கழுவப்படாதபோது, கரித்தூளே நுண்ணுயிர்களின் வளர்ப்பிடமாகிச் சவ்வுக்கு அடைப்பை அனுப்புகிறது. சவ்வு சுத்திகரிக்கும் என்ற நம்பிக்கையால் அதற்கு முன்னிருப்பவற்றைப் புறக்கணிப்பது, நெடுங்காலத் தொழிலறிவைக் கைவிடுவதாகும்.

உலகின் சில இடங்கள் அவ்வறிவுக்கே திரும்பியுள்ளன. ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றின் நீரை நேரடியாக எடுக்காமல் கரைமணலில் ஊறவிட்டுக் கிணறுகளில் எடுத்துவருகிறது. ஹரித்வாரில் கங்கைக் கரைக் கிணறுகளும் அவ்வாறே இயங்குகின்றன. ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2005இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை, கடலடி மணலுக்குக் கீழே புதைத்த குழாய்கள் வழியாகவே கடல்நீரை எடுக்கிறது. அங்கே மணல் முதல் வடிகட்டியாக நிற்பதால், களிமண்ணும் கடற்பாசியும் சவ்வை அணுகுமுன்பே பெருமளவு தங்கிவிடுகின்றன. உறைக்கிணற்றின் கோட்பாடும் இதுவே.

புதுச்சேரிக் கடற்கரையில் இனி எந்த நீர்த்திட்டம் தீட்டப்பட்டாலும், சவ்வின் விலையையும் திறனையும் கேட்பதற்கு முன், நீர் எந்த மணலின் வழியே வரப்போகிறது, எவ்வளவு மெதுவாக இழுக்கப்படப்போகிறது என்று கேட்கப்பட வேண்டும். அரியாங்குப்பம் ஆற்றில் கலக்கும் நகரக் கழிவுநீரை நிறுத்துவதும், அதன் முகத்துவாரத்துக்கும் சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட மணற்பரப்பைக் கட்டடங்களிடமிருந்தும் மணல் அள்ளுவோரிடமிருந்தும் காப்பதும் சுற்றுச்சூழல் பணி என்பதோடு, குடிநீர்ப் பொறியியலின் முதற்கட்டமாகவே கருதப்பட்டு, அதற்கான செலவு நீர்த்திட்டத்தின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.